வாசற்படிக்கும் படுக்கைக்கும் நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகளை இரண்டே கட்டுகளாகக் கட்டிவிடலாம். பெற்ற தாயைப் பேருந்து நிலையத்தில் விட்டுச் சென்ற மகன், வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு தந்தையை வெளியேற்றிய மகள் என்பன ஒரு கட்டு. தொண்ணூற்றைந்து வயதில் தடியூன்றாமல் வந்து வாக்களித்த பாட்டி, நூறாவது பிறந்த நாளில் கொள்ளுப்பேரன்களுடன் படம் எடுத்துக்கொண்ட தாத்தா என்பன இன்னொரு கட்டு. முதல் வகையினருக்குச் சட்டம் இருக்கிறது. இரண்டாம் வகையினருக்குச் சால்வை இருக்கிறது. பிள்ளைகளாலும் கைவிடப்படாமல், உடலாலும் முழுதாகக் கைவிடப்படாமல், சொந்த வீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு வேலையாகப் பிறரிடம் ஒப்படைத்துக்கொண்டு வாழும் முதியவர்கள் இந்த இரண்டு கட்டிலும் அகப்படுவதில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எண்ணினால் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். அவர்களுடைய ஒரே ஒரு குறையைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

நானும் என் கணவரும் மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் தலைமையாசிரியையாக இருந்தவள். அவர் பொதுப்பணித் துறையில் இருந்தவர். எனக்கு 79 வயது, அவருக்கு 84. கும்பகோணத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் கட்டிய வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம். ஓய்வூதியம் முதல் தேதியன்று வந்துவிடுகிறது. மகனும் மகளும் நாள் தவறாமல் தொலைபேசியில் பேசுகிறார்கள். ஆகவே எங்களுக்காக யாரும் இரக்கப்பட வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரளவு வசதியும் எழுத்தறிவும் உள்ள எங்களுக்கே இத்தனை இடர்ப்பாடு என்றால், மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை நம்பித் தனியே காலந்தள்ளும் ஒரு மூதாட்டியின் நிலை என்ன என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

முதுமையில் உடல் ஒரே நாளில் கைவிடுவதில்லை. பக்கவாதம் போல் திடீரென்று தாக்கும் நோய்களைத் தவிர்த்துப் பார்த்தால், பெரும்பாலோருக்கு இழப்பு ஒரு வரிசையில்தான் வருகிறது. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வரிசையைத் தெளிவாக எழுதி வைத்தது. குளித்தல், உடுத்துதல், கழிவறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் என்னும் ஆறு செயல்களில் முதலில் நழுவுவது குளியல். கடைசி வரை நிற்பது உண்ணுதல். குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசை பெரும்பாலும் தலைகீழாகத் திரும்புகிறது என்பதையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். 1969இல் லாட்டன், பிராடி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஆறுக்கும் முந்திய இன்னொரு பட்டியலைத் தந்தார்கள். பணத்தைக் கையாளுதல், கடைக்குப் போதல், வண்டி வாகனங்களில் போய்வருதல், மருந்தை நேரம் தவறாமல் எடுத்தல், தொலைபேசியைப் பயன்படுத்துதல் ஆகியவை அதில் அடங்கும். வீட்டுக்குள் ஒருவர் தாமே குளித்து, தாமே உடுத்தி, தாமே உண்ணும் நிலையிலேயே, வீட்டுக்கு வெளியேயுள்ள இத்தகைய வேலைகள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கிவிடுகின்றன. அதாவது, வங்கிக்கும் கருவூலத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ‘நேரில் வந்து போகும்’ திறமைதான் மனிதனிடமிருந்து முதலில் போகிறது. நம்முடைய அலுவலகங்கள் முதியவரிடம் கடைசி வரை எதிர்பார்ப்பதும் அதே திறமையைத்தான்.

என் கணவருக்கு முதலில் போனது மொபெட். பிறகு டவுன் பஸ்ஸின் உயரமான படி. பிறகு காய்கறிக் கடை வரையிலான நடை. இப்போது வீட்டின் வாசலில் உள்ள மூன்று படிகளே அவருக்கு எல்லை. வீட்டுக்குள் அவர் நடக்கிறார். ஆனால் எப்படி நடக்கிறார் என்பதை எங்கள் கூடத்துச் சுவர் காட்டும். கட்டிலிலிருந்து குளியலறை வரை, இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த பட்டை ஒன்று சுண்ணாம்பின் மேல் ஓடுகிறது. நிலைக்கதவின் சட்டம், சாப்பாட்டு மேசையின் விளிம்பு, குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடி ஆகியவற்றைத் தொட்டுத் தொட்டு அவர் போய்ச் சேருகிறார். போன தீபாவளிக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் அந்தப் பட்டையை மறைக்கவா என்று கேட்டபோது, அந்த இடத்தில் கைப்பிடிக் கம்பி பதித்துவிட்டு அப்புறம் அடிக்கச் சொன்னேன். மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்ட இன்னொரு செய்தியையும் இங்கே எழுதுவது யாருக்காவது பயன்படும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டிலின் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழவேண்டும். குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் அதை வெளிப்பக்கமாக மாற்றிவிட வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொண்டால் உதவிக்கு ஓடி வருகிறவர் வெளியே நின்று தவிக்க நேரிடும். எங்கள் வீட்டில் தச்சரை வரவழைத்து அதை மாற்றிக்கொண்டோம், தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டோம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதை இவ்வாறு ஏதோ ஒருவகையில் செய்துகொள்கிறோம். வாசற்படியைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அவர் பெயரில் மட்டும் போட்டிருந்த ஒரு வைப்புத்தொகை முதிர்வடைந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய கையெழுத்து நாற்பது ஆண்டுக் காலம் ஒரே அச்சாக இருந்தது. கை நடுங்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக விழுகிறது. அவர் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துக்கொண்டு நான் வங்கிக்குப் போனேன். கிளை மாடியில் இருக்கிறது. அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “ஐயா கையெழுத்து ஒத்துவரலைம்மா, ஒருநாள் அவரையே அழைச்சிட்டு வாங்க” என்றார். அவரால் படியேற முடியாது என்றேன். “படுத்த படுக்கையா இருக்காராம்மா?” என்று கேட்டார். இல்லை, வீட்டுக்குள் நடப்பார் என்றேன். “நடப்பார்னா வரலாமேம்மா” என்றார்.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டது அவருடைய சொந்தக் கேள்வியன்று. நம் நாட்டின் விதிமுறைகளில் பெரும்பாலானவை கேட்கும் கேள்வி அது. ஒருவர் நேரில் வரக்கூடியவராக இருக்கவேண்டும். அல்லது படுத்த படுக்கையாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஐந்தாண்டு, பத்தாண்டு, சிலருக்குப் பதினைந்தாண்டு கூட நீளக்கூடிய ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இதில் வியப்பு என்னவென்றால், ரிசர்வ் வங்கி இந்த இடைப்பட்ட நிலையை என்றோ ஒப்புக்கொண்டிருக்கிறது. நோயுற்ற, முதிய, இயலாத வாடிக்கையாளர்கள் குறித்த அதன் வழிகாட்டுதலில், கையெழுத்திட முடியாதவர் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம், வங்கிக்கு அறிமுகமான இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பிலுள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ரேகை வைக்கக்கூட முடியாதவர் ஓர் அடையாளக் குறி போட்டாலும் போதும். 2017 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையிலோ, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் பணம் கொடுப்பது, பணமும் காசோலையும் பெற்றுக்கொள்வது, ஓய்வூதியர் உயிரோடிருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றைப் பெறுவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே அளிக்க வங்கிகள் முயலவேண்டும் என்று அது கூறியது. அதில் படுக்கை என்ற நிபந்தனை இல்லை. இவற்றை நான் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று காட்டிய பிறகு, கிளை மேலாளரே ஒரு மாலையில் வீட்டுக்கு வந்து, என் கணவருடன் காபி சாப்பிட்டு, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். விதி இருக்கிறது, மனிதர்களும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். விதி மேசைக்கு வந்து சேரவில்லை. முன்னாள் தலைமையாசிரியை ஒருத்தி தாளில் எழுதிக் காட்டியதால் நடந்த காரியம், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு எப்படி நடக்கும்?

தேர்தலிலும் இதே கதைதான், இன்னும் சற்று வேடிக்கையாக. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைக் கடந்தவர்கள் படிவம் 12டி கொடுத்தால் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து தபால் வாக்கைப் பெற்றுச் சென்றார்கள். என் கணவருக்கு அப்போது 80. வாசலில் வண்டி வந்து நின்று, படம் எடுப்பவர் உட்பட ஒரு குழுவே கூடத்துக்குள் வந்து, ரகசியம் காக்க அட்டைத் தடுப்பு வைத்து வாக்கைப் பெற்றுக்கொண்டது. 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு இந்த வயது வரம்பை 85 ஆக உயர்த்தினார்கள். 80 வயதில் வீட்டிலிருந்து வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர், மூன்றாண்டு முதுமை கூடிய பிறகு வரிசையில் வந்து நிற்கத் தகுதி பெற்றுவிட்டார்! வயதுக்குப் பதிலாக மாற்றுத்திறனாளி என்ற வகையில் கேட்கலாமே என்றால், அதற்கு 40 விழுக்காடு ஊனம் என்று மருத்துவச் சான்று வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. முழங்கால் தேய்மானம் கொஞ்சம், கண் மங்கல் கொஞ்சம், காது மந்தம் கொஞ்சம், தசை வலுவிழப்பு கொஞ்சம் என எல்லாம் சேர்ந்து ஒருவரை வீட்டோடு கட்டிப்போட்டாலும், எதுவும் தனித்தனியே 40ஐத் தொடாமல் போகலாம். அந்தச் சான்றைப் பெறுவதற்கும் முதலில் மருத்துவமனைக்கு நேரில் போயாக வேண்டும்.

அந்த வாழ்நாள் சான்றுக்கான ஓய்வூதியர் நேர்காணலைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே உண்மையாகவே முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் சார்கருவூல வாசலில் வெயிலில் காத்திருந்தோம். 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் மின்னணுச் சான்று வந்தது. இப்போது 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே கருவியுடன் வீட்டுக்கு வருகிறார். வயதானால் விரல் ரேகை தேய்ந்துவிடுகிறது என்பதால், 2021 முதல் முக அடையாளம் மூலமும் பதியலாம். கைப்பேசியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவேண்டும். என் கணவருக்குக் காது மந்தம். தபால்காரர் “கண்ணை மூடித் திறங்க ஐயா” என்று சொன்னதில் முதல் பாதி மட்டும் காதில் விழுந்து, உயிரோடிருப்பதற்கான சான்றுக்காகக் கண்ணை மூடியவர் திறக்கவேயில்லை. நாங்கள் சிரித்து முடித்து இரண்டாம் முறை பதிவு செய்தோம். இந்தச் சேவையை நான் பாராட்டக் காரணம், படுக்கையா நடமாட்டமா என்று அது கேட்பதில்லை. கேட்டவர் வீட்டுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டமும் அவ்வாறே, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் நோக்கத்துடன் வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களைக் கருதித் தொடங்கிய அத்திட்டத்தில் இதுவரை நான் கண்ட பெரும்பயன், அரிசியும் பருப்பும் மட்டுமன்று. தன் அட்டைக்குரிய பொருளை வாங்க எதிர்வீட்டுப் பெண்ணிடம் மாதாமாதம் கெஞ்ச வேண்டியிருந்த எங்கள் தெரு விதவை ஒருத்தி இப்போது கெஞ்சுவதில்லை.

மருத்துவத்துக்கு வருவோம். இங்கேதான் நடுவிலிருப்பவர்கள் மிகவும் கைவிடப்படுகிறார்கள். மாநில அரசு ஓய்வூதியர்களான எங்கள் ஓய்வூதியத்திலிருந்து மருத்துவக் காப்பீட்டுக்கென மாதந்தோறும் ஒரு தொகை பிடிக்கிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை மத்திய அரசும் அறிவித்தது. இவையெல்லாம் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தால் மட்டுமே விழித்துக்கொள்ளும் திட்டங்கள். எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மையார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு பணம் கொடுத்தது, குறையில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தேவைப்பட்ட வாக்கர், கமோடு நாற்காலி, பயிற்சி தருபவர், பகலில் உடனிருக்க ஒரு பெண் ஆகிய எதற்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. எங்கள் ஊரில் பகல் நேரத்துக்கு மட்டும் ஓர் ஆளை அமர்த்திக்கொள்வதற்கே மாதம் பதினைந்தாயிரத்துக்குக் கீழே பேச முடிவதில்லை. பயிற்சியைப் பாதியில் நிறுத்தினார், நடை திரும்பவில்லை, இப்போது படுக்கையில் இருக்கிறார். லட்ச ரூபாய் செலவழித்துப் பொருத்திய எலும்பு, சில ஆயிரம் ரூபாய்ப் பயிற்சிக்கு வழியின்றி வீணானது. கணக்குப் பார்த்தாலும் இது அரசுக்கு நட்டம்தான்.

உதவிக்கு வரும் ஆட்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. அவர்கள் கொடுக்கும் பயிற்சி என்ன, ஆளுக்குப் போய்ச் சேரும் சம்பளம் என்ன என்று கேட்டால் பதில் வராது. முதியவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக்கூடாது என்பதுகூடத் தெரியாத பெண்ணை, இரவு பகலாக ஒரு நோயாளியுடன் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் மீது பழி சொல்வது எளிது. அவளும் யாரோ ஒரு கிழத் தாயை ஊரில் விட்டுவிட்டு வந்தவளாகத்தான் இருப்பாள்.

எங்களைப் போன்ற வீடுகளில் பராமரிப்பவரும் ஒரு முதியவர் என்பதை ஏனோ யாரும் கவனிப்பதில்லை. நம் குடும்பங்களில் பெரும்பாலும் மனைவி கணவரைவிட வயதில் இளையவள். பெண்கள் சராசரியாக ஆண்களைவிட அதிக காலம் உயிரோடிருக்கிறார்கள். ஆகவே கணவரின் கடைசி ஆண்டுகளை மனைவி பார்த்துக்கொள்கிறாள். மனைவியின் கடைசி ஆண்டுகளில் அந்த இடம் காலியாக இருக்கிறது. மருத்துவரிடம் போனால் “ஐயாவுக்கு எப்படி இருக்கு?” என்று என்னிடம் கேட்கிறார்கள், அவர் எதிரிலேயே, நாக்கும் நினைவும் தெளிவாக உள்ளவர் உட்கார்ந்திருக்கும்போதே, அவரைத் தாண்டி என்னிடம் கேட்கிறார்கள். என் முழங்காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவருடைய ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போடக் கையை உயர்த்தும்போது எனக்குத் தோளில் ஏற்படும் வலியை நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஏனென்றால் அதைச் சொன்னால் அன்றிரவே மகன் பெங்களூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களை மூட்டை கட்டச் சொல்லிவிடுவான்.

பிள்ளைகளிடம் போய்விடலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மகன் பாசத்தோடுதான் அழைக்கிறான். ஆனால் எட்டாவது மாடியில், எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாத ஒரு வீட்டில், தமிழ் பேசும் பால்காரர் இல்லாத ஓர் ஊரில், இப்போது தாமே செய்துகொள்ளும் வேலைகளில் பாதியை என் கணவர் முதல் நாளே இழந்துவிடுவார். இங்கே மின்சாரம் போனாலும் அவர் இருட்டில் குளியலறைக்குப் போய்வருவார். சொந்த வீட்டில் இருப்பது பிடிவாதம் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். மிச்சமிருக்கும் பலத்தைச் செலவாக்காமல் வைத்துக்கொள்ளும் வழி அதுதான். அக்கறையாலும் ஒருவரைச் சீக்கிரம் செயலற்றவராக்கிவிடலாம் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. சட்டைப் பித்தானை அவர் போட்டுக்கொள்ளக் கால்மணி நேரம் ஆகும். விடுமுறைக்கு வந்த பேத்தி நொடியில் போட்டுவிட்டாள். அவள் ஊருக்குப் போன பிறகு ஒரு வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்படியில் வேலையிருப்பதாகச் சொல்லிப் போகாமலிருந்தேன். இப்போது மறுபடியும் தாமே போட்டுக்கொள்கிறார்.

சட்டம் என்ற வகையில் நம்மிடம் உள்ளது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்; மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம்; கவனித்துக்கொள்வதாக எழுதி வாங்கிய சொத்தைக் கவனிக்காவிட்டால் ரத்து செய்யவும் இடமுண்டு. தேவையான சட்டம், ஐயமில்லை. கொடுமைக்கு உள்ளாகும் முதியவர்கள் 14567 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். ஆனால் இச்சட்டத்தின் கதவைத் தட்ட ஒருவர் பிள்ளை மீது புகார் சொல்லவேண்டும். பிள்ளை நல்லவனாக இருந்து, தூரத்தில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அதில் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 75 லட்சம் பேர்; நூற்றுக்குப் பத்துப் பேர். 2021இல் இது 13.6 விழுக்காடாகவும் 2031இல் 18.2 விழுக்காடாகவும் உயரும் என்று மத்திய அரசின் கணிப்பே சொல்கிறது. கேரளத்தை அடுத்து நாட்டிலேயே முதியவர்கள் மிகுந்த மாநிலம் நம்முடையது. ஒரு குழந்தை, இரண்டு குழந்தை போதும் என்று அரசு சொன்னதைக் கேட்டு நடந்த தலைமுறை நாங்கள். அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் வேலை தேடி வெளியூர் போவார்கள் என்பதும் அப்போதே தெரிந்திருக்கக்கூடியதுதான். முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவிலேயே முன்னோடியாக 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தனிப்பிரிவு தொடங்கிய பெருமையும் நமக்கு உண்டு. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இவற்றை வரவேற்கிறேன். கும்பகோணத்திலிருந்து கிண்டி போகக்கூடியவருக்கு அந்த மையத்தின் தேவை அவ்வளவு அவசரமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது புதிய மருத்துவமனை அன்று. பெரிய செலவும் அன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ஏற்கனவே வீடு வீடாகச் செல்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள். நோய்த் தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் தேவைப்படுவோரைக் கண்டறிகிறார்கள். வீட்டுக்கு வரும் அதே பெண், இந்த வீட்டில் உள்ள முதியவர் தாமே குளிக்கிறாரா, படியேறுகிறாரா, மருந்தை மறக்கிறாரா, தனியே வெளியே போய்வருகிறாரா என்பன போன்ற பத்துக் கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சரிபார்த்து, ‘வீட்டளவில் நடமாட்டம்’ என்றோ ‘துணையுடன் மட்டும் வெளியே’ என்றோ நிலைகளைக் குறித்து ஒரு சான்று வழங்கலாம். ஆண்டுக்கொரு முறை வீட்டிலேயே அதைப் புதுப்பிக்கலாம். அந்த ஒரே சான்றை வங்கி, கருவூலம், தேர்தல் அலுவலகம், ரேஷன் கடை, வட்டாட்சியர் அலுவலகம், மின்வாரியம் ஆகிய அனைத்தும் ஏற்கவேண்டும் என்று ஓர் அரசாணை போட்டால், படுக்கையா நடமாட்டமா என்ற கேள்வி ஒழியும். வயது வரம்பை 80 என்றும் 85 என்றும் மாற்றி மாற்றி எழுதும் வேலையும் மிச்சம். ஏனெனில் 68 வயதில் வீட்டோடு இருப்பவரும் உண்டு. 90 வயதில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பவரையும் நான் தினமும் பார்க்கிறேன்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்று சொல்பவர்களுக்கு ஜப்பானைச் சுட்டுகிறேன். அங்கே 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியது. 40 வயதிலிருந்தே ஒவ்வொருவரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். உதவி தேவைப்படுபவர் விண்ணப்பித்தால், அலுவலர் வீட்டுக்கு வந்து 74 கேள்விகள் கேட்டு நிலையைக் கணிக்கிறார். நிலைகள் மொத்தம் ஏழு. அவற்றில் முதல் இரண்டு, சிறு உதவி கிடைத்தால் தாமே வாழக்கூடியவர்களுக்கானவை. என் கணவரைப் போன்றவர்கள் அவற்றில் ஒன்றில் வருவார்கள் என்று நினைக்கிறேன். குளியலறையில் கைப்பிடி பதிக்கவும், படியைச் சமன்படுத்தவும், கதவை மாற்றவும்கூட இரண்டு லட்சம் யென் வரையிலான செலவு அந்தக் காப்பீட்டில் அடங்கும். ஜப்பானின் பணம் நம்மிடம் இல்லை. அங்கேயும் பராமரிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ஆனால் ஏழு நிலைகளில் ஒன்றைக் குறிக்க ஒரு தாளும் ஒரு பேனாவும் ஒரு வருகையும்தான் வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 2008இல் நோய்த் தணிப்புக் கொள்கை வகுத்து, ஊராட்சிகள் மூலமே செவிலியரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த நோயாளிகளில் பலர் படுக்கையில் விழாத முதியவர்கள்.

இறுதியாகத் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அரசாணை வரும்போது வரட்டும். அதுவரை, முதியவர்களின் வீட்டு வாசலுக்கு வரக்கூடிய சேவைகள் எவை, எந்த விதியின் கீழ் கேட்கலாம், யாரிடம் விண்ணப்பிக்கவேண்டும் என்பதை மாதத்துக்கு ஒரு முறையாவது கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன். ரேகை குறித்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல், 2017 சுற்றறிக்கை, தபால்காரர் மூலம் வாழ்நாள் சான்று பெறும் முறை, படிவம் 12டி கொடுக்கவேண்டிய கால அவகாசம் ஆகிய நான்கில் தொடங்கலாம். எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும். வாதாடத் தெரியாத முதியவர்கள் அதைக் கத்தரித்து, வங்கிக்குப் போகும் பிள்ளையிடமோ அண்டை வீட்டாரிடமோ கொடுத்தனுப்புவார்கள். நான் வாயால் சொன்னபோது நம்பாத ஊழியர்கள், எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார்த்த பிறகு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
கும்பகோணம்.